பெயர் மாறிய சூது

அறியாமைக் காலத்து அரபியர் குறியிட்ட அம்புகளை உருவி, ஒட்டக இறைச்சிக்குச் சூதாடினர். வென்ற பங்கை ஏழைகளுக்கு ஈந்து பெருமை கொண்டனர். 'மைஸிர்' எனும் அச்சூதை அந்த ஈகை ஹலாலாக்கவில்லை. அதன் பயனைவிடக் கேடே பெரிதென இறைமறை (2:219) அறிவித்தது.

தமிழகத்தில் 1968இல் நாட்டு நலன் கூறி அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. கூலிக் குடும்பங்கள் சீரழிந்தன. 2003இல் அரசே தடுத்தது. பின்னர் சூது கைப்பேசிக்குள் நுழைந்தது. 2022ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இணையச் சூதைத் தடுத்தது. ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என 2023இல் உயர் நீதிமன்றம் விலக்களித்தது. 2025இல் நாடாளுமன்றமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது.

ஈகை, நாட்டு நலன், திறமை எனப் பெயர்கள் மாறின. தோற்றவன் வீட்டில் அடுப்பு எரியாத நிலை மட்டும் மாறவில்லை.