மேசைப் படை யாருக்கு உரியது?

மேசைமீது பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலே, விதி வகுத்தோரும் உருவம் வார்த்தோரும் முன்னர் வெவ்வேறாகவே இருந்தனர். 'சிறு போர்கள்' என்ற நூலை 1913 இல் வெளியிட்ட ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பிரிற்றன் நிறுவனம் சிறுவர்க்கென வார்த்து விற்ற உள்ளீடற்ற ஈயவீரர்களைக் கொண்டே தம் போர்களை நடத்தினார். பொம்மை ஒருவருடையது, போர் மற்றொருவருடையது.

1983 இல் இந்நிலை மாறத் தொடங்கிற்று. இங்கிலாந்தின் சிற்றடெல் நிறுவனம் தன் உலோக உருவங்களின் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் 'வோர்ஹாமர்' விதிநூலை வெளியிட்டது. காலப்போக்கில் விதி, உருவம், கற்பனையுலகு யாவும் அதனுடன் இணைந்த கேம்ஸ் வோர்க்ஷொப் நிறுவனத்தின் கைப்பட்டன.

ஆயினும், ஒரு கருப்பொருளைத் தழுவித் தமக்கெனத் தனிப் படையொன்றை அமைக்க விரும்பியோர் பிறர் வார்த்த உறுப்புக்களை நாடினர். இதற்குத் துணைநின்றது றெசின் எனும் செயற்கைப் பிசினே. பிளாஸ்ரிக் உருவங்களுக்கான உருக்கு அச்சுக்குப் பெருமுதல் வேண்டும். றெசினையோ இரப்பர் அச்சிலே சிறு பட்டறையிலும் வார்க்கலாம். ஏகபோகத்தைத் தளர்த்தியது இரசனை மட்டுமன்று, இம்மலிவுமேயாகும்.

2010 இல் அந்நிறுவனம் சப்ரர்ஹவுஸ் என்னும் அமெரிக்கச் சிறு தயாரிப்பாளர்மீது இலினோய் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தது. விரற்கடையளவுகூட இல்லாத தோட்கவசங்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டன. வெல்ஸ் கண்டிருப்பின் நகைத்திருப்பார். 2013 இல் ஜூரிமார் சில பொருள்கள் தொடர்பில் வாதிக்கும், வேறு சில தொடர்பில் பிரதிவாதிக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.