புல் தாங்கிய தண்டவாளம்

பெங்களூர்த் தமிழருக்கு இருப்புப்பாதையோடு உள்ள உறவு பழையது. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை புகைவண்டி வந்தது; நம் முன்னோரில் பலர் பிழைப்பு நாடி அதன் வழியே இந்நகரை அடைந்தனர். பாதை ஒன்று மூடப்பட்டது என்று கேட்டால் நம் மனம் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1865-இல், வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்னும் சிறு ரயில்பாதை அமைந்தது. மலைச் சுரங்கத்தின் பலகைக்கல்லைக் கடற்கரைப் பக்கம் கொண்டுவருவதே அதன் தொழில். அகலம் 2 அடி 3 அங்குலம். நீளம் ஏழு மைலுக்குச் சற்று அதிகம். 1946-இல் சுரங்கம் மூடப்பட்டது. உரிமையாளரான ஸர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் நஷ்டத்தைத் தாங்கியே வண்டியை ஓட்டிவந்தார். 1950-இல் அவரும் காலமானார்.

அப்போது பாதையின் நிலை யாது? தண்டவாளங்கள் தேய்ந்திருந்தன, சிலீப்பர் கட்டைகள் மண்ணுக்குள் உளுத்துப்போயிருந்தன. கட்டை உளுத்தால் ஆணி நிற்காது. ஆணி தளர்ந்தால் தண்டவாளங்கள் விலகும். சக்கரம் இடையில் இறங்கிவிடும். பல இடங்களில் அடர்ந்து வளர்ந்த புல்லின் வேர்களே தண்டவாளத்தை இடம் பெயராமல் பிடித்திருந்தன.

எழுத்தாளர் ரோல்ட் முதலிய அபிமானிகள் 1950 அக்டோபரில் பர்மிங்காம் நகரில் கூடிச் சங்கம் அமைத்தனர். 1951 மே 14 அன்று, பாதையின் ஒரு பகுதியில் மட்டும், தொண்டர்கள் வண்டியை ஓட்டினர். தொண்டர்களால் காக்கப்பட்ட ரயில்பாதைகளுள் உலகில் இதுவே முதலாவது. வண்டி ஓட்டுவதில் பெருமை உண்டு. பாதை செப்பனிடுவதில் முதுகுவலிதான் உண்டு. ஆணிகளைக் கழற்றி, உளுத்த கட்டையை வெளியே இழுத்து, புதியதைச் செருகி, அகலம் சரிதானா என்று அளந்து, ஜல்லியைக் குத்தி இறுக்கவேண்டும். விடுமுறை நாட்களில் ஊதியமின்றி வந்தோர் இதனையே கஜம் கஜமாகச் செய்தனர். அப்பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது.

நம் நாட்டில் வழக்கம் வேறு. 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய நீலகிரி மலைரயிலை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதன் தண்டவாளத்தைப் பேணுவோர் சம்பளம் பெறும் ரயில்வே ஊழியரே.

பெங்களூருக்கும் ஒரு சிறு ரயில் இருந்தது. 1915-இல் தேவனஹள்ளி வழியாகச் சிக்கபள்ளாபுரத்துக்கு 2 அடி 6 அங்குல அகலத்தில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் கோலார் வரை தொடர்பு கிடைத்தது. அப்பாதை பகுதி பகுதியாக அகலப்பாதையாயிற்று. சிக்கபள்ளாபுரம்–கோலார்ப் பகுதி 2013-இல் முடிந்தது. காய்கறியும் பயணிகளும் விரைந்து செல்லவேண்டிய வட்டாரத்தில் அம்மாற்றத்தைக் குறைகூற இயலாது. ஆயினும் குறுகிய தண்டவாளம் ஒரு மைலேனும் எஞ்சவில்லையே என்னும் ஏக்கம் நமக்கு உண்டு.

எஞ்சியவை நிலையங்கள். தேவனஹள்ளி, தொட்டஜாலா, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் ஆகிய பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணியை, ரயில்வேயின் இசைவோடு, இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளை அண்மைக் காலத்தில் மேற்கொண்டது. பாதை போனபின் கட்டடத்துக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு, பாதை இருந்தபோதே கிடைத்திருந்தால்? டாலிலின் நமக்குச் சொல்வது அதுவே: உளுத்த கட்டையை மாற்றும் காலம், புல் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும் காலமே. நந்தி மலைக்குச் செல்லும் நேயர்கள் நந்தி ஹால்ட்டையும் ஒருமுறை கண்டு வருக. தாம் வாழும் ஊரில் இன்னும் எஞ்சியிருப்பது எது என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.