தோளில் ஏந்திய இயற்கை

பொன்னுக்கு வரலாறு உண்டு. மன்னருக்கு வரலாறு உண்டு. போருக்கும் முடிசூட்டுக்கும் வரலாறு உண்டு. ஊசியும் நூலும் கொண்டு தாய்மார் ஆக்கிய சிறு சால்வைக்கு வரலாறு உண்டோ எனின், உண்டு என்பதே எம் விடை. ஆனால் அவ்வரலாறு ஏட்டில் குறைவு, துணியில்தான் மிகுதி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் அமைந்த தங்கவயலில், ஸ்கெலட்டன் முதலிய பகுதிகளில் வாழ்ந்து மார்கழிப் பனியை நன்கறிந்த நாம், தோளைக் காக்கும் அத்துணியின் கதையை அறிந்துகொள்ளுதல் பொருத்தமேயாகும்.

பழந்தமிழர் கண்ட போர்வை

போர்வை என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் பேகன். மலைநாட்டு மயில் குளிரால் வருந்துமோ எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்த வள்ளல் அவன். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பாரும் உளர். இயற்கைக்கும் ஆடைக்கும் உள்ள உறவை அக்கொடை நமக்கு நினைவூட்டுகிறது என்பதே எம் கருத்து. பொருநராற்றுப்படையோ, இழை சென்ற வழியைக் கண்ணால் காணவியலாத நுண்மையும் பூவேலைப்பாடும் உடைய துணிக்குப் பாம்பு உரித்த தோலை உவமையாக்குகிறது. இயற்கையைக் கண்டு ஆடையை வியந்த மரபு நம்முடையது.

நீலகிரியின் பூத்துக்குளி

அம்மரபு இன்றும் உயிரோடு விளங்கும் இடம் ஒன்று உண்டு. 7,000 அடிக்கு மேல் உயர்ந்த நீலகிரியில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர் பெருமக்களின் போர்வையே அது. அதனைப் பூத்துக்குளி என்பர். தோடர் நெய்வதில்லை. பிறர் நெய்த முரட்டு வெண்பருத்தித் துணியைப் பெற்று, அதன்மேல் சிவப்பும் கறுப்புமான நூலால் பெண்கள் வேலைப்பாடு செய்வர்.

அவ்வேலையின் முறை வியப்புக்குரியது. துணியின்மேல் கோடு வரைவதில்லை. மாதிரித் தாளும் இல்லை. சட்டத்தில் பூட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி செல்லும். எண்ணிக்கை ஒன்று பிழைத்தாலும் உருவம் கோணிவிடும். கணக்கு முழுதும் அப்பெண்ணின் நினைவிலேயே நிற்கிறது. தையலின் பின்புறமே தடிப்பும் வளமும் உடையதாகலின், அதனையே வெளிப்புறமாக அணிவர். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது தைத்ததாகத் தோன்றாது. தறியில் நெய்ததாகவே தோன்றும்.

உருவங்கள் யாவும் அவர்தம் மலையிலிருந்தே வந்தவை. எருமைக் கொம்பு, தேனடை, மலை முகடு, ஞாயிறும் திங்களும், பூக்கள், முயற்காது எனப் பலவும் நேர்கோட்டு வடிவங்களாக மாறித் துணியில் அமர்கின்றன. திருநாளில் அணியும் இப்போர்வையே, இறந்தாரைப் போர்த்தி வழியனுப்பும் துணியுமாகும். பிறந்த மலையின் உருவங்களைப் போர்த்துக்கொண்டே மறுவுலகம் செல்கின்றனர் தோடர் எனலாம். 1906 இல் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இம்மக்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அதனால் உலகம் அவர்தம் பெயரை அறிந்தது. ஊசி பிடித்த பெண்களின் பெயரை அறிந்ததில்லை.

இதனிடையே நீலகிரியின் புல்வெளிகள் சுருங்கின. தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் மேய்ச்சல் நிலத்தில் ஏறின, எருமைகள் குறைந்தன. எருமை குறைந்த மலையில் எருமைக் கொம்பு துணியில் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆகவே அத்துணியை வெறும் அழகுப் பொருளாகக் கருதுதல் தகாது. அஃது ஒரு குலத்தின் ஆவணம். இன்று அவ்வேலைப்பாடு தோளில் இடும் சிறு சால்வைகளிலும் இடம்பெற்று விற்பனைக்கு வருகிறது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் நிறுவனம் ஆகியவற்றின் முயற்சியால் 2013 ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மாங்காயின் நெடும்பயணம்

அக்குறியீட்டின் தேவையை உணர, காசுமீரச் சால்வையின் கதையைக் காண்போம். நாம் மாங்காய் என்று அழைக்கும் வளைந்த உருவம் அச்சால்வையின் அணிகலன். அது கடல் கடந்து ஐரோப்பியச் சீமாட்டிகளின் தோளேறியது. 19 ஆம் நூற்றாண்டில் சுகாத்துலாந்தின் பெய்சுலி என்னும் ஊரார் அதனைப் பார்த்துத் தறியில் மலிவாக நெய்தனர். விளைவு யாது? உலக வாணிகத்தில் அவ்வுருவத்துக்கே பெய்சுலி என்ற பெயர் நிலைத்தது. வடிவம் நம்முடையது, பெயர் அவர்களுடையது. அதே நூற்றாண்டில், 1865 இல், கொடிய வரி தாங்காது சிறீநகரில் திரண்டெழுந்த சால்வை நெசவாளர் பலர் படை துரத்த மாண்டனர். 1930 இல் கைரேகைப் பதிவை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்த தங்கவயல் தொழிலாளரின் வழித்தோன்றல்கட்கு இத்துயரம் புரியாததன்று.

ஒரு நூலும் இரு ஊசியும்

நெசவுக்குப் பாவும் ஊடும் வேண்டும். கம்பளிப் பின்னலுக்கு ஒரே நூல் போதும். இரண்டு நீள ஊசிகளில் கண்ணியுள் கண்ணியாக அது கோக்கப்படும். தறி வேண்டாமையால் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும் கலை அது. இசுகாத்துலாந்தின் வடக்கே கடல் நடுவே கிடக்கும் செட்லாந்துத் தீவுகளின் பெண்கள் இதில் பெரும்புகழ் பெற்றவர்கள். கரையில் அலை விட்ட தடம், காட்டுப் பெரணி, பறவைக் கண், பூனைப் பாதம் என்பன அவர்கள் பின்னும் உருவங்களின் பெயர்கள். திருமண மோதிரத்துள் முழுச் சால்வையும் நுழைந்து வெளிவரும் அளவுக்கு மெல்லியதாகப் பின்னுவர். எசுத்தோனியா நாட்டின் ஆப்சாலு நகரப் பெண்களோ, தம் காட்டு லில்லிப் பூவைச் சிறு முடிச்சுகளால் சால்வையில் மலரச் செய்தனர்.

ஆயினும் செட்லாந்துப் பெண்களுக்குக் கூலி பல காலம் காசாகக் கிடைக்கவில்லை. வணிகர் தேயிலையும் துணியும் கொடுத்துச் சால்வையை வாங்கிக்கொண்டனர். 1872 இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை இக்கொடுமையைப் பதிவு செய்தது. கைத்திறன் உயர்ந்திருந்தும் கையில் காசில்லாத நிலை எந்நாட்டுக்கும் பொதுவே.

இதற்கு மாறான காட்சி ஒன்றை நம் நாஞ்சில் நாட்டில் காண்கிறோம். 1819 இல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பூப்பின்னல் தொழிலும் தொடங்கினார். அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர், பின்னலில் ஈட்டிய பொருளைக் கொடுத்தே தம் விடுதலையை மீட்டுக்கொண்டனர். தோள்மேல் துணி அணியும் உரிமைக்கே தாழ்த்தப்பட்ட பெண்கள் போராட வேண்டியிருந்த நாடு அது. அவ்வுரிமைக்கான அரச அறிக்கை, அதுவும் அரைகுறையாக, 1859 இல்தான் வந்தது. அத்தகைய மண்ணில் ஊசி விடுதலைக் கருவியாயிற்று.

நமக்குரிய கடமை

மேற்கூறியவற்றால் விளங்குவன இரண்டு. மக்கள் தாம் வாழ்ந்த நிலத்தையும் கண்ட காட்சியையும் தோளில் ஏந்துகின்றனர் என்பது ஒன்று. செய்தவர் பெயரைக் குறிக்காவிடில் பிறர் பெயர் அதில் ஏறிவிடும் என்பது மற்றொன்று.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் மண்ணுக்கடியில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001 இல் சுரங்கம் மூடப்பட்டது. குழிவாயில்மேல் நின்ற சக்கரமும், சயனைடு மேடுகளின் சாம்பல் வெண்மையும், பாறையில் ஓடிய பொன்னிழையும் இன்னும் எத்துணியிலும் ஏறவில்லை. எருமைக் கொம்பைத் தோடர் மகளிர் காத்ததுபோல், இவற்றைக் காக்க நம் மகளிராலும் இயலும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னல் கற்பிப்போர் இவ்வுருவங்களையும் உடன் கற்பிக்கலாம். அங்ஙனம் ஆக்கப்படும் ஒவ்வொரு சால்வையின் ஓரத்திலும், ஆக்கிய பெண்ணின் பெயரும் ஆண்டும் நூலாலேயே பொறிக்கப்பெறுதல் வேண்டும் என்பது எம் விருப்பம்.