அழாத கணவன்

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், யார் யார் எப்படி அழுதார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். "மூத்த மருமகள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லையே, கவனித்தாயா?" என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும். தெருமுனை திரும்புவதற்குள் அந்த மருமகளைப் பற்றி ஒரு புராணமே உருவாகிவிடும். ஆண்கள் இதில் குறைந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர்களும் இதையேதான் பேசுவார்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் அழவில்லை என்றால், ஊர் அவனைக் கல்நெஞ்சன் என்னும்; அல்லது அதற்கு மேலும் ஒன்றைச் சொல்லும்.

அந்த "மேலும் ஒன்று" ஒரு மனிதரைத் தூக்குமரத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்திய கதை இது. நடந்த இடம் இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரம். ஆண்டு 1931.

வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ் என்பவருக்கு அப்போது வயது 52. இளமையில் கல்கத்தாவிலே சில காலம் வேலை பார்த்தவர். பிறகு உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பி, புரூடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வீடு வீடாகச் சென்று சந்தா வசூலித்து வந்தார். ஆன்ஃபீல்டு பகுதியில் ஒரு சின்ன வீடு, குழந்தைகள் இல்லை. மனைவி ஜூலியா பியானோ வாசிப்பாள். அவர் வயதான காலத்தில் பிடில் கற்றுக்கொண்டு அவளுடன் சேர்ந்து வாசிப்பார். இதைத் தவிர அவருக்கு இருந்த ஆசை சதுரங்கம் ஒன்றுதான்.

ஜனவரி 19, திங்கட்கிழமை. அன்று மாலை அவர் சதுரங்கம் ஆடப் போகும் கழகத்துக்கு ஒரு டெலிபோன் வந்தது. கழகத் தலைவர் பேசினார். "என் பெயர் குவால்ட்ரோ. வாலஸை நாளை இரவு ஏழரை மணிக்கு, மென்லவ் கார்டன்ஸ் கிழக்கு, 25-ஆம் எண் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்" என்றது குரல். சற்று நேரத்தில் வாலஸ் வந்து சேர்ந்தார். செய்தியைக் கேட்டு, விலாசத்தை எழுதிக்கொண்டார்.

மறுநாள் மாலை, புது வியாபாரம் கிடைக்கும் என்று டிராம் ஏறிப் போனார். மென்லவ் கார்டன்ஸ் வடக்கு இருந்தது, தெற்கு இருந்தது, மேற்கும் இருந்தது. கிழக்கு மட்டும் இல்லை! கண்டக்டரைக் கேட்டார், வழியில் போனவர்களைக் கேட்டார், ஒரு போலீஸ்காரரையும் கேட்டார். கடைசியில் அலுத்துப்போய் வீடு திரும்பியபோது மணி எட்டே முக்கால். கதவு சரியாகத் திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொல்லைக் கதவு திறந்துகொண்டது. முன்னறையில் ஜூலியா தலை நொறுங்கிக் கிடந்தாள். அவள் உடம்பின் கீழே, ஓரம் கருகியிருந்த ஒரு மழைக்கோட்டு. அது வாலஸினுடையது. வசூல் பெட்டியில் சுமார் 4 பவுன் குறைந்திருந்தது.

அந்த டெலிபோன் எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடினார்கள். வாலஸ் வீட்டிலிருந்து சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த பொது டெலிபோன் அறையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அவ்வளவுதான், ஊருக்கு வேறென்ன வேண்டும்? பிப்ரவரி 2-ஆம் தேதி வாலஸைக் கைது செய்தார்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்த வழக்கிலே ஒவ்வொரு தடயமும் இரண்டு பக்கமும் கூர்மையான கத்தியாக இருக்கிறது. பேசியது வாலஸே என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலை மாற்றிப் பேசிவிட்டு, கழகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். வேறொருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதை ஒளிந்திருந்து பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். கடிகாரம் இரண்டு கதைக்கும் இடம் கொடுக்கிறது. இல்லாத விலாசத்தை அத்தனை பேரிடம் விசாரித்தாரே, அது வழி தெரியாதவனின் தவிப்பா, சாட்சிகளைச் சேர்ப்பவனின் சாமர்த்தியமா? முதலில் எந்தக் கதையை நம்புகிறோமோ, அதற்கு ஏற்றபடி பதில் வரும்.

ஊர் நம்பியது முதல் கதையை. அதற்குக் காரணம் டெலிபோன் அல்ல, வாலஸின் முகம்தான். மனைவியின் பிணம் அடுத்த அறையில் கிடக்கும்போது அவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பூனையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். இதைப் போலீசாரும் டாக்டரும் பார்த்தார்கள். பார்த்ததை நீதிமன்றத்திலும் சொன்னார்கள். ஒரு மனிதன் பூனையைத் தடவியது கொலை வழக்கில் சாட்சியமாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

இத்தனைக்கும் அந்த நிதானம் அவர் முயன்று பழகியது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய தத்துவங்களைப் படித்து, துன்பத்தில் கலங்காமல் இருக்க வேண்டும் என்று தம்மைப் பயிற்றுவித்துக்கொண்டவர் அவர். நாமும் கீதையில் ஸ்திதப்பிரக்ஞனைப் பற்றிப் படித்துத் தலையாட்டுகிறவர்கள்தாம். ஆனால் புத்தகத்தில் கண்டு போற்றும் குணத்தை அடுத்த வீட்டுக்காரனிடம் கண்டால் நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 22-ஆம் தேதி விசாரணை ஆரம்பமாயிற்று. பால்காரப் பையன் அன்று மாலை ஆறரை மணி சுமாருக்கு ஜூலியாவை உயிரோடு பார்த்திருக்கிறான். ஏழு மணி ஆறு நிமிஷத்துக்கு வாலஸ் வெகுதூரத்தில் ஒரு டிராமில் இருந்தார். நடுவில் அவர் வீட்டில் இருந்திருக்கக்கூடிய நேரம், எப்படிக் கணக்கிட்டாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் வராது. அதற்குள் கொலை செய்து, கழுவிக்கொண்டு, ஆயுதத்தை மறைத்து, பதற்றமில்லாமல் டிராம் ஏறியிருக்க வேண்டும். அவர் உடையில் ரத்தக் கறை இல்லை. ஆயுதம் அகப்படவில்லை. ஜூலியாவின் பேரில் இருந்த இன்ஷூரன்ஸ் வெறும் 20 பவுன். தம்பதிகள் சண்டையிட்டதற்குச் சாட்சி இல்லை. டெலிபோனில் கேட்ட குரல் வாலஸுடையதாகத் தோன்றவில்லை என்று கழகத் தலைவர் சொன்னார். நீதிபதி ரைட்டும் ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னபோது, சாட்சியம் போதாது என்ற திசையிலேயே பேசினார். ஜூரிகள் உள்ளே போய்ச் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். "குற்றவாளி" என்றார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அப்பீலுக்கு முன்னால் லிவர்பூல் பேராலயத்தில், நீதிபதிகளுக்கு நல்வழி காட்டும்படி பிரார்த்தனை நடந்தது. மே 19-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஹிவர்ட் பிரபு தீர்ப்பை ரத்து செய்தார். ஜூரிகளின் முடிவைச் சாட்சியம் தாங்கவில்லை என்ற காரணத்துக்காகவே ஒரு கொலைத் தீர்ப்பு ரத்தானது அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. வாலஸ் விடுதலையானார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் ஊருக்கு மேல் அப்பீல் கோர்ட்டு ஏது? கம்பெனி அவரை மறுபடியும் வேலையில் வைத்துக்கொண்டது. வாடிக்கைக்காரர்கள் அவரை வாசலில் ஏற்ற மறுத்தார்கள். தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கம்பெனி வெளியே அலையவேண்டாத வேலை ஒன்றைக் கொடுத்தது. அவர் ஆற்றுக்கு அக்கரையில் பிராம்பரோ என்ற ஊருக்குக் குடிபோனார். இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. 1933, பிப்ரவரி 26-இல் சிறுநீரக நோயால் இறந்தார். ஜூலியாவின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகும் பேச்சு நிற்கவில்லை. எங்கள் ஜாதிக்காரர்கள், அதாவது கதை எழுதுகிறவர்கள், இந்த வழக்கை விடுவதாக இல்லை. டாரதி சேயர்ஸ் என்ற துப்பறியும் நாவலாசிரியை 1936-இல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1981-இல் லிவர்பூல் வானொலி நிகழ்ச்சி ஒன்று, வாலஸுக்குப் பழக்கமான வேறொரு வாலிபரைக் குற்றவாளி என்று சொல்லிற்று. அவரோ அதற்கு முந்திய ஆண்டுதான் காலமாகியிருந்தார். 2013-இல் பி. டி. ஜேம்ஸ் என்ற இன்னொரு புகழ்பெற்ற நாவலாசிரியை, டெலிபோன் அந்த வாலிபர் செய்த குறும்பு, கொலை செய்தது வாலஸ்தான் என்று எழுதினார்.

நானும் யோக்கியன் அல்ல. இந்த வழக்கை முதல் தடவை படித்தபோது வாலஸைத் தூக்கில் போட்டேன். இரண்டாம் தடவை விடுதலை செய்தேன். மூன்றாம் தடவைதான் என்னையே கவனித்தேன். இரண்டு தடவையும் எனக்கு வேண்டியிருந்தது உண்மை அல்ல, முடிவு! கடைசி அத்தியாயம் இல்லாத நாவலை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் நாவலில் நான் கொல்லும் ஆசாமி மறுநாள் காலையில் பால் வாங்க வெளியே வரவேண்டியதில்லை. வாலஸ் வரவேண்டியிருந்தது. "தெரியாது" என்று சொல்லிப் பேசாமலிருப்பது எவ்வளவு கஷ்டமானாலும், அந்த நகரம் அவருக்குச் செய்திருக்கக்கூடிய நியாயம் அது ஒன்றுதான்.

இன்னொரு சாட்சியத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் நீதிமன்றத்தில் கூறியது இது. அன்று இரவு, போலீசார் அருகில் இல்லாத சமயம், சமையலறையில் அவள் முன்னால் வாலஸ் தலையைக் கைகளில் பிடித்துக்கொண்டு விம்மினார். யாராவது வந்தால் தம்மைச் சமாளித்துக்கொண்டார்.

அந்த மனிதர் அழத்தான் செய்தார். ஊர் எதிர்பார்த்த இடத்தில் அழவில்லை, அவ்வளவுதான்.