பிங்கர்டன் (இசைத்தொகுப்பு)

பிங்கர்டன் என்பது அமெரிக்க மாற்று ராக் இசைக்குழுவான வீசரின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது 1996 செப்டம்பர் 24 அன்று வெளியானது.

1994-இல் வெளிவந்த முதல் தொகுப்பு பெருவெற்றி பெற்றபின், பாடகர் ரிவர்ஸ் கியூமோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கால் நீட்டிப்பு சிகிச்சையின் வலியும் தனிமையும் அங்கு எழுதிய பாடல்களில் வெளிப்பட்டன. புச்சினியின் மடாமா பட்டர்ஃபிளை இசைநாடகத்தில், மணந்த பெண்ணைக் கைவிடும் கடற்படை அதிகாரியின் பெயரே தலைப்பாயிற்று. தயாரிப்பாளரை அமர்த்தாமல், குழுவினரே கரடுமுரடான ஒலியுடன் இதனைப் பதிவு செய்தனர்.

முதல் தொகுப்பின் துள்ளலை எதிர்பார்த்த ரசிகர்கள் ஏமாற்றமடைந்தனர். பில்போர்டு 200 பட்டியலில் 19-ஆம் இடமே கிடைத்தது. ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர்கள் இதனை அவ்வாண்டின் மோசமான தொகுப்புகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தனர். மனம்திறந்து பாடியதற்குக் கிடைத்த இவ்வரவேற்பால், 2001-இல் வந்த அடுத்த தொகுப்பில் கியூமோ தன்வாழ்வை எழுதுவதைத் தவிர்த்தார். அதற்குள் இளைஞர்களிடையே பிங்கர்டனுக்குத் தனி மதிப்பு உருவாகியிருந்தது. 2004-இல் அதே ரோலிங் ஸ்டோன் இதற்கு ஐந்து நட்சத்திரங்கள் வழங்கியது.