மாத்தூர்த் தேன்சிட்டுகள் இரண்டு



ஆசிரியனாய் இருந்த காலத்தில் நான் செய்த பிழையொன்றைக் கூறித் தொடங்குகின்றேன். ஆங்கிலப் பாடத்தில் 'ஹம்மிங் பேர்ட்' என்ற சொல் வந்தது. "அது நம் தேன்சிட்டுதான்" என்றேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அப்பறவை அமெரிக்காவில் மட்டுமே உண்டு என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறதே" என்றான். "உட்கார்" என்று அதட்டிவிட்டேன். அவன் சொன்னதே சரி.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் பலரும் இவ்வாறே மயங்கினர். இரண்டும் சிறியவை, மினுமினுப்பவை, மலர்த்தேனை நாடுபவை. ஆயினும் ஹம்மிங் பறவை உழவாரக் குருவிக்கு உறவு; தேன்சிட்டோ காக்கையும் சிட்டுக்குருவியும் அடங்கிய பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. முன்னது அந்தரத்தில் நின்றே தேனருந்தும். பின்னது பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே அருந்தும். ஒரே தொழில் இருவேறு குலங்களுக்கு ஒத்த தோற்றத்தைத் தந்திருக்கின்றது. ஜெர்மனியில் கிடைத்த, ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுப் பழமையுடைய ஹம்மிங் பறவையின் புதைபடிவம் 2004இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே அதன் முன்னோர் ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு அப்பாலும் வாழ்ந்தனர் என்க.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் எட்வர்ட் பல்க்லி சென்னைப் பறவைகளின் ஓவியங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவை 1713இல் ஜான் ரேயின் பறவை நூலில் பிற்சேர்க்கையாக இடம்பெற்றன. மருந்து கலக்கிய கைக்கு அந்த ஆர்வமும் இருந்தது! 1766இல் லின்னேயசு ஒரு தேன்சிட்டுக்கு இலங்கையின் பெயரை இட்டார். அதுவே ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. 1790இல் லேதம் மற்றொன்றுக்கு ஆசியாவின் பெயரை இட்டார். அது ஊதாத் தேன்சிட்டு. வளைந்த அலகை மட்டும் நோக்கி, மரமேறும் பறவைகளோடு இவ்விரண்டையும் 'செர்தியா' என்னும் ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டனர். 1816இல் கூவியே தேன்சிட்டுகளுக்குத் தனிப்பேரினம் ஒன்றை வகுத்தார். அறிஞர்க்கே இத்துணைக் காலம் பிடித்ததெனின், என் பிழைக்குச் சற்று ஆறுதலுண்டு. அம்மாணவனை அதட்டியதற்கு இல்லை.

ஓய்வுபெற்றபின் மாத்தூரில், மணலி ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும் மாடியில், செம்பருத்திக்கு அருகே அமர்ந்து இவ்விரண்டையும் நோக்கிவருகின்றேன். ஊதாப்பிட்ட ஆணுக்கு உச்சந்தலை பச்சை, வயிறு மஞ்சள். ஆண்டு முழுவதும் அதே உடை. ஊதாத் தேன்சிட்டின் ஆணோ இனப்பெருக்கக் காலத்தில் தூரத்தே கருமையாகவும், வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாகவும் ஒளிரும். அக்காலம் கழிந்ததும் அவ்வுடையைக் களைந்து மஞ்சள் வயிற்றோடு, தொண்டை நடுவே ஒரு கருங்கோடு தாங்கி வரும். இதை மூன்றாவது இனமென்று ஓராண்டு முழுவதும் குறிப்பேட்டில் எழுதிவந்தேன்! பெண்களைப் பிரித்தறிய ஒரு வழி சொல்வேன்: தொண்டை வெளுத்திருந்தால் ஊதாப்பிட்டம், தொண்டை முதல் அடிவயிறு வரை மஞ்சளாயின் ஊதா.

பரப்பிலும் வேற்றுமையுண்டு. ஊதாப்பிட்டம் இந்தியத் துணைக்கண்டத்திற்கே உரியது. ஊதாவோ அரேபியா முதல் வியட்நாம் வரை வாழ்வது.

இப்பொழுது ஊதாப்பிட்டப் பெண்ணொன்று எங்கள் வாசல் விளக்கின் கம்பியில் சிலந்தி நூலும் மரப்பட்டைத் துணுக்கும் கொண்டு கூடு பின்னுகின்றது. நுழைவாயிலின்மேல் சிறு தாழ்வாரமும் வைத்திருக்கின்றது. இரவில் அவ்விளக்கை நாங்கள் ஏற்றுவதில்லை.