உடுவிலின் பதிவேடுகள்: தோம்பு முதல் வாடிக்கையாளர் மென்பொருள் வரை

ஒரு நிறுவனம் தன்னோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்போர் யார் யார், அவர்களோடு எப்போது என்ன பேசப்பட்டது, அவர்களுக்கு எது வாக்களிக்கப்பட்டது, எது இன்னும் நிலுவையில் உள்ளது என்பவற்றை ஓரிடத்தில் பதிந்து, அப்பதிவின் துணையோடு அடுத்த தொடர்பைத் திட்டமிடும் முறை இன்று வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவம் என்று வழங்கப்படுகிறது. இதற்கான மென்பொருள்கள் கடந்த நூற்றாண்டின் இறுதியிலேயே உருப்பெற்றன எனினும், ஆட்களைப் பற்றிய பதிவேட்டைக் கொண்டு உறவுகளை நடத்தும் வழக்கம் மிகப் பழையது. அதன் வரலாற்றை ஓரூரின் எல்லைக்குள் நின்று நோக்குவதற்கு, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சுன்னாகத்துக்கும் இணுவிலுக்கும் அண்மையில் அமைந்த உடுவில் இடந்தருகிறது. ஒல்லாந்தர் காலத் தோம்பு, அமெரிக்க மிஷனின் நன்கொடையாளர் பதிவு, கூட்டுறவுச் சங்கக்கடையின் பங்கீட்டு அட்டை ஆகிய மூன்றும் இப்பகுதி மக்களை மூன்று வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பதிந்தன. பதிவேட்டை வைத்திருப்பவரின் கேள்விகளே அதன் கட்டங்களாகின்றன என்பதையும், அக்கேள்விகளுக்குள் அடங்காதவை கவனத்திலிருந்தே விலகிவிடுகின்றன என்பதையும் இம்மூன்றும் காட்டுகின்றன.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, முந்திய ஆட்சியாளரின் கோவிற்பற்றுகளையும் பதிவுமுறையையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது. கோவிற்பற்று என்பது ஒரு தேவாலயத்தையும் அதனோடிணைந்த பள்ளிக்கூடத்தையும் நடுவாகக் கொண்ட ஊர்த்தொகுதியாகும். வலிகாமத்தின் கோவிற்பற்றுகளை விவரித்து 1672இல் வெளியான பிலிப்பஸ் பால்டியசின் நூலில் உடுவிலும் இடம்பெறுகிறது. தோம்பு எனப்பட்ட பதிவேடுகளுள் ஒருவகை காணியையும் அதன் உரித்தாளரையும் காட்டியது. இன்னொருவகை குடிகளையும், அவர்கள் இறுக்கவேண்டிய வரியையும், கம்பனிக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய வேலையாகிய ஊழியத்தையும் காட்டியது. மூன்றாவதாகிய பள்ளித் தோம்பைக் கோவிற்பற்றின் உபாத்தியாயர் வைத்திருந்து, திருமுழுக்கையும் திருமணத்தையும் அதில் பதிந்துவந்தார். திருமணத்தின் செல்லுபடியும் பிள்ளைகளின் உரித்தும் அப்பதிவைச் சார்ந்திருந்தமையால், வீட்டினுள் சைவ ஒழுக்கத்தைப் பேணியவர்களும் பெயரைப் பதிவித்துக்கொள்ளத் தேவாலயத்துக்கு வந்தனர். ஏட்டின்படி குடாநாட்டில் பெருந்தொகையானோர் கிறிஸ்தவர். 1795இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிக் கட்டாயம் நீங்கியபோது அவர்களுட் பெரும்பாலோர் வெளிப்படையாகவே சைவத்துக்குத் திரும்பினர். நம்பிக்கை எதுவென்று தோம்பு கேட்கவில்லை, திருமுழுக்கு நிகழ்ந்ததா என்றே கேட்டது. ஆகவே கேட்டதற்கு மட்டுமே அதில் விடை இருந்தது.

ஒல்லாந்தர் கைவிட்ட தேவாலயக் கட்டடங்களுக்கு அடுத்து வந்தவர்கள் அமெரிக்கர். 1810இல் நிறுவப்பட்டு, பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சபையின் முதற்குழுவினர் 1815 ஒக்டோபரில் புறப்பட்டு, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்தனர். 1820இல் உடுவிலிலும் நிலையம் தொடங்கியது. மைரன் வின்சுலோவும் அவர் மனைவி ஹரியற் வின்சுலோவும் அங்கு பணியாற்றினர். 1824இல் ஹரியற் வின்சுலோ பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாகிய அதுவே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. அவர் 1833இல் காலமானபின் லீவை ஸ்போல்டிங்கும் அவர் மனைவி மேரியும் உடுவிலின் பொறுப்பை ஏற்றனர். அமெரிக்காவிலிருந்து மேலும் மிஷனரிமார் வருவதை 1820இல் ஆளுநர் எட்வேட் பார்ண்ஸ் தடுத்தமையால், உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றி எடுப்பதே மிஷனுக்கு எஞ்சிய வழியாயிற்று. பயிற்றுவதற்கான பணமோ கடலுக்கு அப்பாலிருந்தே வரவேண்டியிருந்தது.

இத்தேவையிலிருந்தே, இன்றைய நோக்கில் உறவு முகாமைத்துவம் என்று சொல்லத்தக்க ஒரு முறை வளர்ந்தது. நியூ இங்கிலாந்தின் பெண்கள் சங்கங்களும் ஞாயிறு பள்ளிகளும் தனிப்பட்ட குடும்பங்களும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பின. அதற்கு ஈடாகப் பிள்ளைக்குச் சூட்டவேண்டிய பெயரைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பெற்றன. நன்கொடையாளர் தம் போதகரின் பெயரையோ, இறந்துபோன உறவினரின் பெயரையோ, புகழ்பெற்ற மிஷனரி ஒருவரின் பெயரையோ குறித்து அனுப்ப, இங்குள்ள மிஷனரிமார் பொருத்தமான பிள்ளையைத் தெரிந்து அப்பெயரை இட்டு, அப்பிள்ளையின் படிப்பையும் ஒழுக்கத்தையும் பற்றிக் கடிதம் எழுதினர். மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியின் ஆண்பிள்ளைகளைப் போலவே உடுவில் விடுதியின் பெண்பிள்ளைகளும் இவ்வாறு ஆங்கிலப் பெயர் பெற்றனர். பாய்க்கப்பலில் கடிதம் ஒன்று போய்ச்சேரப் பல மாதங்கள் செல்லுமாதலால், யார் எந்தப் பெயருக்குப் பணம் தந்தார், அப்பெயர் எந்தப் பிள்ளைக்கு இடப்பட்டது, அவருக்குக் கடைசியாக எழுதியது எப்போது என்பவற்றைத் தவறாது குறித்துவைக்காமல் இவ்வேற்பாட்டை நடத்தியிருக்க இயலாது. தனிக்கடிதத்துக்கு மேலாக, எல்லா நன்கொடையாளருக்கும் பொதுவான செய்திகளைச் சபையின் மாத இதழான மிஷனரி ஹெரல்ட் கொண்டுசென்றது.

இம்முறையின் தடம் ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றிலேயே பதிந்துள்ளது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களாகிய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினரியிற் கற்ற தமிழர்கள். நியாய இலக்கணம் இயற்றிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை ஆகியோர், மிஷன் தந்த பெயரையும் வீட்டார் இட்ட பெயரையும் சேர்த்தே அறியப்படுகின்றனர். ஆணின் பெயர் நூலின் முகப்பில் இரண்டாகவும் நின்றுவிட்டது. உடுவிலிற் படித்து மணஞ்செய்து சென்ற பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் விடுதிப் பட்டியல்களிலும் தேவாலயப் பதிவுகளிலும் மட்டுமே தங்கின.

நன்கொடையாளரின் விருப்பத்தை நிறைவேற்றுவதில் இம்முறை திறம்பட இயங்கிற்று. அதன் குறையும் அங்கேயே இருந்தது. பிள்ளை இறந்தாலோ விடுதியை விட்டு நீங்கினாலோ, அதே பெயரை வேறொரு பிள்ளைக்கு இட்டு உதவியைத் தொடர்வதும் உண்டு. அதாவது பதிவின் நிலையான அலகு நன்கொடையாகவும், பிள்ளை அதன் இடத்தை நிரப்பும் ஒன்றாகவும் அமைந்தன. பதிவேடு யாருக்கு விடைசொல்ல வேண்டியிருந்ததோ அவர் பொஸ்ரனில் இருந்தார். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் உடுவிலில் இருந்தார். பெற்றோரைப் பொறுத்தவரை உறவு வேறுவகையானது. பெண்ணைப் படிக்க அனுப்பும் வழக்கம் இல்லாத காலத்தில், படிப்பு முடியும்வரை பிள்ளையை விடுதியில் விட்டுவைக்க அவர்களை இசைவிப்பதற்காக, திருமணத்தின்போது சீதனம் தருவதற்கும் மிஷன் உடன்பட்டது. ஒரே பிள்ளையை முன்னிட்டு, கொடுப்பவருக்கு ஒரு வாக்கும் பெற்றோருக்கு வேறொரு வாக்கும் அளித்து, இரண்டையும் காக்கவேண்டிய நிலையில் உடுவில் நிலையம் இருந்தது.

எதை எண்ணுவது என்பதே எதைத் தொடர்வது என்பதைத் தீர்மானித்ததற்கு 1855 சான்று. சபையின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் தலைமையிலான குழு யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆராய்ந்ததன் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டில் மூடப்பட்டது. ஆங்கிலங் கற்ற மாணவரிற் பலர் உபதேசியாராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றமை அம்முடிவுக்கு முக்கிய காரணம். சுதேச மொழியில் ஊழியஞ்செய்வோர் எத்தனைபேர் உருவாயினர் என்ற கேள்விக்குச் செமினரியின் கணக்கு நிறைவான விடை தரவில்லை. அதே மாணவர்கள் அகராதி, இதழியல், கணிதம், பதிப்பு ஆகியவற்றில் ஆற்றியதும் ஆற்றவிருந்ததும் அந்தக் கணக்கில் வரவுவைக்கப்படும் வகையைச் சேர்ந்தவையல்ல.

உடுவில் பெண்கள் விடுதி தொடர்ந்து நிலைத்தது. 1840இல் வந்து சுமார் நாற்பது ஆண்டுகள் அதை நடத்திய எலிசா அக்னியூ, அமெரிக்காவுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல் 1883இல் மானிப்பாயிற் காலமானார். தாயையும் மகளையும் பேத்தியையும் அடுத்தடுத்துக் கற்பித்த அவர், படித்து முடித்த பெண்களை ஊரூராகச் சென்று வீடுகளிற் சந்தித்துவந்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்ற பெயர் அவருக்கு வழங்கியது. நன்கொடையாளருக்கான பதிவு விடுதிக்காலத்தோடு முடிவடைய, அக்னியூவின் தொடர்பு அதற்குப் பின்னரும் நீடித்தமையே பழைய மாணவியர் தம் பெண்களை அதே பள்ளிக்கு அனுப்பும் வழக்கத்தை நிலைநாட்டிற்று எனலாம். ஆயினும் அத்தகைய அறிவு ஒருவரின் நினைவில் மட்டும் தங்கும்போது அவரோடு மறைந்துவிடும் என்பதும் உண்மை. எழுத்துப் பதிவின் இன்றியமையாமை அங்கேயே தொடங்குகிறது. மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் பொஸ்ரனுக்கு அனுப்பப்பட்டமையாலேயே இன்று ஹாவட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் எஞ்சியுள்ளன. வேறிடத்தில் இருந்த பிரதி வரலாற்றைக் காத்தது. அதே காரணத்தால், தன் முன்னோரைப் பற்றி அறிய விரும்பும் உடுவில்வாசி கடல்கடந்த நூலகமொன்றையே நாடவேண்டியுள்ளது.

மூன்றாவது பதிவேடு போரினால் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பர்மா அரிசி தடைப்பட்ட 1942ஐ ஒட்டி, இலங்கையில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. மக்கள் கூப்பன் என்றழைத்த பங்கீட்டுப் புத்தகத்தோடு ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையிற் பதிந்துகொள்ள, கூட்டுறவுக் கடைகள் ஊருக்கூர் பெருகின. 1957ஐ அடுத்து அவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக வளர்ந்தன. சங்கக்கடை முகாமையாளருக்குக் குடும்பத்தில் எத்தனைபேர், இந்தக் கிழமைக்குரிய பங்கு எடுக்கப்பட்டதா என்பவை தெரிந்திருக்கவேண்டும். வாடிக்கையாளரை ஈர்ப்பது அவர் கவலையன்று. இங்கு முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: பதிவின் ஒரு பாகம் கடையிலும் மறுபாகமான அட்டை குடும்பத்தின் கையிலும் இருந்தமையால், தவறு நேர்ந்தால் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கக் குடும்பத்தால் முடிந்தது. உள்நாட்டுப் போரின்போது 1990இல் வந்த பொருளாதாரத் தடைக்காலத்திலும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோதும், நிவாரணம் பெறுவதற்குக் குடும்பத்தை அடையாளங் காட்டியது கையில் எடுத்துச்சென்ற அட்டையே.

மென்பொருள் இதன் பின்னர் வந்த படிநிலையாகும். 1993இல் தொடங்கிய சீபெல், பெரிய நிறுவனங்கள் தம் சொந்தக் கணினிகளில் நிறுவிக்கொள்ளும் வகையிலான மென்பொருளை விற்றது. 1999இல் தோன்றிய சேல்ஸ்போர்ஸ், இணையத்தின் வழியே மாதக்கட்டணத்துக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பியது. 2005இல் வெளியான சோஹோவின் மென்பொருள் சென்னையில் வேர்கொண்ட நிறுவனமொன்றின் ஆக்கம். இதனால் சுன்னாகத்துக் கட்டடப்பொருள் கடையும் உடுவிலின் தனியார் கல்வி நிலையமும்கூட, ஒருகாலத்தில் பன்னாட்டு நிறுவனங்களுக்கே எட்டிய வசதியைச் சில பயனர்களுக்கு மட்டும் கட்டணஞ் செலுத்திப் பெற முடிகிறது. ஆனால் வாங்குவோர் பெறுவது வசதியை மட்டுமன்று. வேறோரிடத்தில் எழுந்த கேள்விகளின் தொகுதியையும் அவர்கள் பெறுகின்றனர். பல மென்பொருள்களில் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் ஓர் ஆளைப் பதியமுடியாது. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு தன் பெயரை இறுதியில் எழுதும் யாழ்ப்பாணத்தவர் அதில் ஒருமுறை தந்தையின் பெயராலும் மறுமுறை தன் பெயராலும் பதியப்பட்டு, ஒருவரே இருவராகிவிடுகிறார். அவர் பிள்ளை கனடாவிலிருந்து பணம் செலுத்தினால், அதே கணக்குக்கு மூன்றாவது ஆளொருவரும் தோன்றுகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெயரிட்டவர் நன்கொடையாளர். இன்று அப்பணியைப் படிவத்தின் அமைப்பே செய்கிறது.

ஆகவே மென்பொருள் தெரிவு என்பது வசதிகளின் பட்டியலை ஒப்பிடுவதற்கு முன்னரே தொடங்கவேண்டிய வேலை. கடையின் வழக்கமான தொழிலுக்கு எக்கேள்விகளுக்கு விடை வேண்டும் என்பதை முதலில் எழுதி, அவற்றுக்குரிய கட்டங்களை மட்டும் வைத்து, ஓர் ஆளுக்கு ஒரு பதிவு என்பதை உறுதிசெய்யத் தொலைபேசி இலக்கம் போன்ற ஓர் அடையாளத்தைத் தெரிந்து, பதிவைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது நிர்வாகத்தின் பங்கு. வழங்குநரை மாற்றநேர்ந்தால் முழுத்தரவையும் சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்கமுடியுமா என்பதையும், பிரதி எங்கே இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்னரே கேட்பது அதனினும் முக்கியமானது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அறியவும் திருத்துவிக்கவும் அழிக்கக் கோரவும் ஒருவருக்குள்ள உரிமையை வகுத்துள்ளது. தோம்பும் மிஷன் பதிவும் பதியப்பட்டவருக்குத் தராத இவ்வுரிமையைக் கூப்பன் அட்டை ஓரளவுக்கு நடைமுறையிலேயே தந்திருந்தது. வாடிக்கையாளர் கேட்டவுடன் அவருடைய பதிவை எடுத்துக்காட்டி, பிழையை அவர்முன்னே திருத்தவல்ல மென்பொருளைத் தெரிவுசெய்யும் வணிகம், சட்டத்துக்கு அமைவதோடு, தன் பதிவேட்டைச் சரிபார்க்க மிகவும் தகுதியானவரையே அப்பணியிற் சேர்த்துக்கொள்கிறது.